பையருக்கும் நமக்கும் நடுவில்

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் வாங்கத் திருப்பூருக்கு வந்தார். பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத்தான் வந்தார். 1925இலிருந்து உள்நாட்டுக்குப் பனியன் தைத்துப் பழகிய ஊர் இது. நூல் தெரியும், நிட்டிங் தெரியும், சாயம் தெரியும். ஐரோப்பியனோடு பேசத் தெரியாது. 1981இல் சி அண்ட் ஏ என்ற பெரிய ஐரோப்பியக் கடை நிறுவனம் வந்தது. அதன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். பம்பாய்க்காரர்கள் நின்ற இடத்தில் ஏஜென்ட் வந்தார், பிறகு பையிங் ஆபீஸ் வந்தது. பெயர்தான் மாறியது. இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்த ஒருவர் நடுவில் நின்றார். அதற்குக் கமிஷன் எடுத்துக்கொண்டார். அதில் தப்பில்லை, அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலுக்கான படிப்பை நம் ஊர் ஒரு படிப்பாகவே மதித்ததில்லை.

நான் நல்லூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். காங்கயம் ரோட்டில் இருக்கும் நல்லூர் 2011 வரை தனி நகராட்சி, இப்போது மாநகராட்சிக்குள். என் மேஜையில் தினமும் கிடப்பது வாஷ்கேர் லேபிள். சைடு சீமில் வைத்து அடிக்கிற சின்ன சாட்டின் துண்டு. ஐரோப்பிய ஆர்டர் என்றால் நாலைந்து பக்கமாக மடித்து வரும். நூறு சதவீதம் பருத்தி என்பதையே வரிசையாகப் பல மொழியில் அச்சடித்திருப்பார்கள். ஸ்பானிஷ் வரியில் 'ஓ' உச்சரிப்புள்ள ஓர் எழுத்தின் தலையில் சாய்கோடு ஒன்று வரும். பிரிண்டர் அதை விட்டுவிட்டால் லேபிள் ரிஜெக்ட். செக்கிங்கில் இருக்கும் பெண்கள் அந்த மொழியில் ஒரு வார்த்தை அறியாமலே, அப்ரூவ்டு சாம்பிளைப் பக்கத்தில் வைத்து சாய்கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். சரியாகவும் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து என் அண்ணன் மகள் டெல்லியில் பி.ஏ. ஆனர்ஸ் ஸ்பானிஷ் படிக்கப்போகிறேன் என்றாள். "அம்மிணி, அதைப் படிச்சுப்போட்டு என்ன பண்றது?" என்றார் அண்ணன். அடுத்த கேள்வி என்னிடம்: "அதென்ன ஆனர்ஸ்? நம்ம பக்கம் அப்படி ஒண்ணு இல்லையே?"

இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர்களுக்கு இரண்டு வழி. இரண்டு வருடத்தில் சாதாரண பி.ஏ.; மூன்று வருடம் ஒரே பாடத்தில் ஆழமாக இறங்கினால் ஆனர்ஸ். ஆனர்ஸ் தேறியவர் பிறகு கட்டணம் கட்டி எம்.ஏ. பட்டமும் வாங்கிக்கொள்ளலாம், தனித் தேர்வு கிடையாது. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதார ஆனர்ஸ். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ், 1930. பின்னால் பி.யு.சி. வந்தது, பட்டப்படிப்பு எல்லாருக்கும் மூன்று வருடமானது, ஆனர்ஸ் இங்கே மெல்ல மறைந்தது. டெல்லியிலும் வங்காளத்திலும் தங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனால், அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857லேயே அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய பட்டம். தாமோதரம்பிள்ளை அதன் பிறகு வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வேற்று மொழியில் முதல் வரிசையில் வந்தவர் தமிழ் ஏட்டைத் தேடிப் போனதை நான் முக்கியமாக நினைக்கிறேன். காரணம், அதே பாதையில் இன்னொருவர் நூறு வருடம் கழித்து ஸ்பானிஷோடும் போர்த்துகீசியத்தோடும் நடந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு ஸ்பெயின்காரர் கதை. நவார் நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கினார். மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். ஊர்முழுக்க மணிச்சத்தம் கேட்டது. அந்தத் தமிழை எழுதிக்கொடுத்தவர்களின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. நடுவில் நிற்பவர்களுக்குப் பல நேரம் இதுதான் கதி. இருநூறு வருடம் கழித்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தப்பித்தார், ஏனென்றால் அவர் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிவைத்தார்.

தாமோதரம்பிள்ளைக்கு நூறு வருடம் கழித்து அதே பாதையில் வந்தவர் தனிநாயகம் அடிகள். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறைப் பக்கம் பிறந்தார். ரோமில் குருத்துவப் படிப்பு படித்து அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசியம் என்று மொழிகள் சேர்ந்துகொண்டே போயின. தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து 1940இல் வடக்கன்குளம் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் ஒரு பண்டிதரிடம் சங்க இலக்கியத்தை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ரோமில் டாக்டர் பட்டம் வாங்கியவர், முப்பத்திரண்டு வயதில், தமிழ் எம்.ஏ. வகுப்பில். அங்கேயே எம்.லிட். ஆய்வும் முடித்தார்; பொருள்: சங்கப் பாடல்களில் இயற்கை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு வியப்பு. 1949 முதல் ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள் என்று சுற்றித் தமிழைப் பற்றிப் பேசினார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் புகுந்தார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்-போர்த்துகீசியச் சிறுநூல், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான அன்றீக் அன்றீக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதி நம் வாசகர்களுக்குத் தெரியவைத்தார். அந்தாம் தெ புரொயென்சா தொகுத்து, அவர் இறந்து பதின்மூன்று வருடம் கழித்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கானிலிருந்து எடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறை வழியாக அப்படியே நகலெடுத்து வெளியிட்டார். அதே வருடம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு.

அந்த அகராதியின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் போர்த்துகீசியம். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவருக்கு அது பாதிப் புத்தகம். வத்திக்கான் நூலகத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ்ப் பாதி கல்வெட்டு மாதிரி. நம் புலவர்களுக்கு அந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே தெரியாது. இரண்டும் தெரிந்தவர் வந்த பிறகுதான் அது முழுப் புத்தகமானது. தனிநாயகம் அடிகளுக்கு ஸ்பானிஷில் ரேங்க் கிடையாது, மெடல் கிடையாது. ஆனால் கையிலிருந்த ஒவ்வொரு மொழியும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

திருப்பூர் வியாபாரம் இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. ஸ்பெயின் பையரும் மெயிலை ஆங்கிலத்தில்தான் போடுகிறார். அதனால் ஸ்பானிஷ் படித்தால் உடனே நம்ம ஊரில் ஆர்டர் கொட்டும் என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லும் நேரத்தில் எதிரே இருப்பவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது புரிகிற ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த நாற்காலியை நாற்பது வருடமாக ஏஜென்ட்டுக்கே விட்டுவைத்திருக்கிறோம்.

அண்ணன் மகளுக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: முதல் வகுப்பு வாங்கு, ஆனால் தமிழை விட்டுவிட்டு வாங்காதே. சவேரியார் கடிதங்கள் ஸ்பானிஷிலும் போர்த்துகீசியத்திலும் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் 1540களில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தமிழும் ஸ்பானிஷும் சேர்ந்த ஒரு கண் அதை மூலத்தில் படித்து நமக்குச் சொன்னால், ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் மறுபடி மரியாதை வரும். அண்ணன் ஃபீஸ் கட்டிவிட்டார். ஹாஸ்டல் சாப்பாடு மட்டும் அவருக்கு இன்னும் கவலை.