நோய்க்குறியியல் வல்லுநர்

இரத்தம், சிறுநீர் முதலியவற்றையும் உடலினின்று எடுத்த சதைத் துணுக்குகளையும் பரிசோதித்து நோயின் தன்மையை நிர்ணயிக்கும் வைத்தியர். நோயின் மூலம் உயிரணுவிலேயே உள்ளதென்று 1858-இல் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ வெளியிட்ட நூல் இச்சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமாயிற்று.

பயாப்சிக்காக எடுத்த துணுக்கு, அரிசி மணியளவே ஆயினும், ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள சீவல்களாகி, நீலமும் செம்மையுமாகச் சாயமேற்ற பின்னரே நுண்ணோக்கியை அடைகிறது. ஆதலின் முடிவுக்குச் சில தினங்கள் செல்வது இயல்பேயாம்.

மொரப்பூர் போன்ற ரயிலடி ஊரிலிருந்து, 2008-இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்துக்கோ செல்லும் நோயாளி, பெரும்பாலும் இவ்வல்லுநரை நேரில் காண்பதில்லை. அறிக்கை மட்டுமே கைக்கு வருகிறது. அதில் ‘பாசிடிவ்’ என்பது நற்செய்தியன்று, தேடிய குறி காணப்பட்டது என்பதே. ‘பினைன்’ என்பது புற்றல்லாத கட்டி. ‘மார்ஜின்’ என்பது வெட்டிய ஓரம். இரத்தம் முதலியவற்றின் பரிசோதனை எண்களுக்கு அருகே காணும் எல்லையளவுகள் பொதுவாக ஆரோக்கியமுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைக் கொண்டே வகுக்கப்படுவதால், இருபதில் ஒருவர்க்கு நோயின்றியே எண் சற்று விலகக்கூடும்.

நோயாளி நேரில் வந்து கேட்டால் இவற்றை எளிய தமிழில் விளக்குவதும், ஐயம் எழுந்தால் சிகிச்சை செய்யும் வைத்தியருடன் கலந்து கண்ணாடித் தகட்டில் பதித்த அதே சீவலை மறுமுறை நோக்குவதும் இவ்வல்லுநரின் கடமைகளாம். துணுக்கு பதிந்த மெழுகுக் கட்டிகள் பல்லாண்டு கெடாதிருப்பதால், வேறொரு வல்லுநரின் கருத்தைப் பெறவும் வழியுண்டு.