கிராணியார் மிதிவண்டியின் காலம்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே வரலாற்றுச் சான்றுகள் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். தோட்டப்புறத்து மக்களுக்குக் கல்வெட்டு ஏது? அவர்கள் விட்டுச் சென்றவை ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, பேறுபெற்ற சிலருக்கு ஒரு மிதிவண்டி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்த என் பாட்டனாரின் ராலே வண்டியைச் செப்பனிடப் புகுந்தபோது, அதன் காலத்தைக் கணிக்கும் வேலையும் உடன் வந்து சேர்ந்தது.

ஜப்பானியர் வந்த நாளில் பாட்டனார் இவ்வண்டியைக் கழற்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே மறைத்துக் காத்தார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் செய்தி. நம்பத்தகாததன்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய படையினர் தெற்கே விரைந்தமைக்கு மிதிவண்டியும் ஒரு காரணம். தாம் கொண்டுவந்தவை போதாமல் ஊராரின் வண்டிகளையும் பறித்தனர். டயர் கெட்டபோது வெறும் இரும்பு ரிம்மிலேயே ஓட்டிச் சென்றனர். 1942 ஜனவரித் தொடக்கத்தில் கம்பாரில் போர் முடிந்தது. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷார் முறியடிக்கப்பட்டனர். இவ்விரண்டுக்கும் நடுவே, நம் மலைச்சாலையின் அடிவாரத்தில் இருப்பது தாப்பா. மலையில் வண்டி வைத்திருந்தவர் அஞ்சியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பின்சக்கரத்தின் குடத்தைத் துடைத்தபோது இச்செய்திக்கு இடையூறு நேர்ந்தது. அது நாட்டிங்ஹாமில் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர்க் குடம். 1936இல் வெளிவந்த ஏ.டபிள்யூ. வகை. இவ்வகைக் குடத்தின் மேற்புறத்தில் செய்த ஆண்டைப் பொறிப்பது வழக்கம். நம் குடத்தில் இருந்த எண் 51. அதாவது, போர் ஓய்ந்து ஆறாண்டு கழித்துச் செய்தது. இதைக் கேட்ட என் சிற்றப்பா, “உன் எண் பெரிதா, எங்க அப்பா சொன்ன சொல் பெரிதா?” என்று சினந்து இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு குடம் வண்டி ஆகிவிடாது; அது பின்னர் மாற்றப்பட்டதாக இருக்கலாம். இதை எவ்வாறு அறிவது? ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர், முதலில் பழைய சாயத்தை உரித்துப் புதுக் கறுப்பு அடித்துவிடலாம் என்றார். நானும் இசைய இருந்தேன். நல்ல காலமாக, அதற்குமுன் கியர்க் கம்பியைத் தாங்கும் பட்டையை மேற்குழாயிலிருந்து கழற்றினேன். வண்டி புதிதாக வந்தபோதே கியர் இருந்திருந்தால், வெயிலும் மழையும் படாத அப்பட்டையின் அடியில் சாயம் மெருகு குன்றாதிருக்க வேண்டும். இங்கோ அடியிலும் சாயம் மங்கி, கீறலும் துருப்புள்ளியும் நிறைந்திருந்தன. ஆகவே, சட்டம் நெடுநாள் உழைத்த பின்னரே கியர் பூட்டப்பட்டது. சாயத்தை உரித்திருந்தால் இச்சான்று மணல்தாளோடு போயிருக்கும்.

எப்போது பூட்டினார்கள்? 1953இல் எடுத்த குடும்பப் படமொன்றில் பாட்டனாரின் கைக்கருகே கியர் மாற்றும் விசை தெளிவாகத் தெரிகிறது. ஆதலின் 1951க்கும் 1953க்கும் இடையில் பூட்டியது. அப்போதே துருவேறியிருந்த சட்டம், ஒன்று போருக்கு முற்பட்டது, அல்லது போர் முடிந்தவுடன் வந்தது. இடையே ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டில் இங்கிலாந்துச் சரக்கு வர வழியில்லை. எங்கள் மலை மழையில் இரும்பு ஐந்தாண்டில் துருவேறுவதும் உண்டு. எனவே வீட்டுச் செய்தி மெய்ப்பிக்கப்படவில்லை, பொய்யாகவும் இல்லை. சிற்றப்பாவுக்கு இரண்டாவது பாதி போதுமானதாக இருந்தது.

உதிரிப்பாகம் தேடுவது தனிக்கதை. பழைய இங்கிலாந்து முறைப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இக்காலக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 36 துளை ரிம். ராலே நிறுவனம் அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மிதிகட்டை அச்சின் கிண்ணத்துக்கு மற்ற இங்கிலாந்து வண்டிகளில் 24 மரையே வழக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பொருந்தாததை முறுக்கினால் சட்டத்தின் மரையே அழிந்துவிடும். பிறகு எந்தக் கிண்ணமும் நிற்காது. கிராங்கைப் பூட்டும் காட்டர் பின்னிலும் இதே தொல்லை. ராலேயினது சற்றுப் பருமனானது. பழைய பாகம் கிடைக்காவிடில், துருப்பிடித்ததையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துப் பூட்டுவது மேல் என்பது என் கருத்து.

டயர் மட்டும் எளிதில் அமைந்தது. 28க்கு 1½ அங்குல அளவும் கம்பிப் பிரேக்கும் கொண்ட வண்டி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் ஓடுவதால், அங்கே டயரும் பிரேக் கட்டையும் விற்கிறார்கள். சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் மிதிவண்டித் தொழில் தொடங்கியதை முதியோர் அறிவர். இங்கிலாந்துப் பழைய வண்டியின் உருவம் பிறந்த நாட்டில் அருகிய பின்னும் இந்தியாவில் வாழ்ந்தது. உறவினர் ஒருவர் ஊர் போய்த் திரும்புகையில் இரண்டு டயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து வந்தார்.

குடத்தை மாற்றவில்லை, சாயம் அடிக்கவில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் அளந்து, பொறித்த எண்ணோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டை இருந்த இடத்தைப் படமெடுத்த பிறகு, அதே கீறல்களின்மேல் அதைத் திரும்பப் பூட்டினேன். தானா ராத்தாவை நோக்கி ஏறும் சாலையில் முதல் கியரில் இரண்டு கல் தொலைவு சென்றேன். ஈர ரிம்மில் பிரேக் பிடிக்காததால் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன்.