மந்திரியின் திருப்தி

சென்ற வாரம், 1679-ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம் பிரபுக்கள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தலை எண்ண நின்றவர் பருத்த சரீரமுடைய ஒரு பிரபுவை வேடிக்கையாகப் பத்துப் பேராகக் கணக்கிட, எதிர்த்தரப்பார் அதைக் கவனியாது விட, அவ்வளவில் சட்டம் கரையேறிற்று என்று பிஷப் பர்னெட் எழுதிவைத்த கதையைக் கண்டோம். சிறை வைத்தவன் காரணம் சொல்லியாக வேண்டும் என்னும் அந்தப் பழைய நியாயம், ஆகாயத்திலிருந்து குண்டு விழும் காலத்தில் என்ன ஆயிற்று என்பதை இனிப் பார்ப்போம்.

1939 செப்டம்பரில், யுத்தம் மூளும் தறுவாயில், பிரிட்டிஷ் சர்க்கார் வகுத்த பாதுகாப்பு விதிகளுள் 18-பி என்பது, ஒருவரைக் காவலில் வைப்பது அவசியமென்று உள்நாட்டு மந்திரியின் மனத்துக்குத் திருப்தியானாலே போதும், விசாரணை வேண்டாம் என்றது. காமன்ஸ் சபை இதற்கு இசையவில்லை. அங்கே எழுந்த ஆட்சேபங்களின் பயனாக, அவ்வருஷம் நவம்பரில் ‘திருப்தி’ நீங்கி, ‘நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்’ என்ற சொற்கள் அவ்விடத்தில் அமர்ந்தன. சிறிய திருத்தந்தான், ஆயினும் மந்திரியின் மனத்தை அளக்க நியாயஸ்தலத்திடம் கோல் இல்லை, காரணத்தை அளக்கவோ உண்டு.

1940 மே மாதத்தில் ராபர்ட் லிவர்சிட்ஜ் என்பவரைப் பிடித்து அடைக்கும் உத்தரவில் கையொப்பமிட்டவர் சர் ஜான் ஆண்டர்சன். 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னராக இருந்தவர் அவர். ஆகவே விசாரணையின்றி மனிதரை அடைத்து வைப்பது அவருக்குப் புதிய வித்தையன்று. லிவர்சிட்ஜ் வழக்குத் தொடுத்துக் கேட்டதெல்லாம், அந்த நியாயமான காரணம் யாதென்பதே.

1941 நவம்பர் 3-ஆம் தேதி, பிரபுக்கள் சபையின் நியாயாதிபதிகள் ஐவரில் நால்வர், மந்திரி நல்லெண்ணத்தோடு ‘எனக்குக் காரணம் உண்டு’ என்று நினைத்தாலே காரணம் உண்டென்று கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். பார்லிமெண்டு வாதாடி விரட்டிய சொல், வியாக்கியானம் என்னும் புழைக்கடை வாயிலாக மீண்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாமவரான ஆட்கின் பிரபு மட்டும், தான் எண்ணிய பொருளையே சொல் குறிக்குமென்று அடம்பிடிக்கும் ஹம்ப்டி டம்ப்டி என்ற கதைப் பாத்திரத்தைத் துணைக்கழைத்துச் சகாக்களைக் கண்டித்தார். கேலியை நீக்கிவிடும்படி லார்டு சான்ஸ்லர் சைமன் முன்னதாகவே கடிதம் எழுதியும் அவர் இணங்கவில்லை. வழக்கு தோற்றது, 1979-இல் அதே சபையில் டிப்ளாக் பிரபு, அன்றைய பெரும்பான்மையோர் பிழை செய்தார்கள், அக்காலத்துக்கு அது ஒருவேளை மன்னிக்கத்தக்கதாக இருக்கலாம் என்றார். மன்னிப்பதற்கு முப்பத்தெட்டு வருஷம் சென்றது!

அதற்குள் நமது டில்லியிலும் அந்த நாடகம் நடந்தாகிவிட்டது. 1976 ஏப்ரல் 28-இல், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை தடுப்புக் காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனுவோடு நியாயஸ்தலத்தை அணுக முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐவரில் நால்வர் சொன்னார்கள். அந்த விவாதத்தில் லிவர்சிட்ஜ் வழக்கும் எடுத்தாளப்பட்டது. இங்கும் தனித்து நின்றவர் ஒருவர், எச். ஆர். கன்னா. மறு வருஷம் ஜனவரியில், அவருக்கு உரிய பிரதம நீதிபதி பதவி அவருக்கு இளையவரான பெக்குக்குப் போயிற்று. கன்னா ராஜிநாமாச் செய்தார்.

2017-இல் அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டே புறந்தள்ளியது. ஆனால் உயிரும் சுதந்தரமும் பற்றிய 21-ஆம் ஷரத்தை நெருக்கடியிலும் முடக்கலாகாது என்று விதித்த 1978-ஆம் வருஷத்து 44-ஆவது திருத்தத்திலேயே இன்னொரு பிரிவும் இருக்கிறது: ஆலோசனைக் குழுவின் அபிப்பிராயமின்றி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைப்பது. அது நிறைவேறி நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும், அமலுக்கு வரும் நாளை எந்தச் சர்க்காரும் குறிக்கவில்லை.