முதல் வரிசையும் கடைசி வரிசையும்

இராமேசுவரம் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இரு சிறுவர்கள் முதல் வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். ஒருவர் தொப்பி அணிந்த அப்துல் கலாம்; படகுத் தொழில் செய்த ஜைனுலாப்தீன் அவர்களின் மகன். மற்றவர் பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி. இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி இலட்சுமண சாஸ்திரியின் மகன். 1931இல் பிறந்த கலாமுக்கு அந்த வயதில் நெருங்கிய நண்பர்கள் மூவர். மூவருமே வைதீகப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். மத வேறுபாடு அவர்கள் நட்பில் குறுக்கிட்டதில்லை.

வகுப்பிற்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். குருக்கள் மகனுக்கு அருகில் முஸ்லிம் சிறுவன் அமர்ந்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கலாம் எழுந்து போனார், மனம் வாடினார். முதல் வரிசையிலேயே அமர்ந்திருந்த இராமநாதன் அழுதார். அந்த அழுகையைக் கலாம் தம் தன்வரலாற்றில் மறவாமல் பதிவு செய்திருக்கிறார்.

சிறுவர்கள் இருவரும் தத்தம் வீட்டில் நடந்ததைக் கூறினர். இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் ஏற்றத்தாழ்வு என்னும் நஞ்சைத் தூவக் கூடாது எனக் கண்டித்தார். ஒன்று மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டே செல்ல வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். கண்டித்தவர் இழிவுபடுத்தப்பட்ட பிள்ளையின் தந்தை அல்லர். முதல் வரிசையில் இருத்தப்பட்ட பிள்ளையின் தந்தை. தம் மகனுக்குக் கிடைத்த உயர்வையே அவர் மறுத்தார்.

இன்றும் பள்ளிகளில் வரிசைகள் உண்டு. மதிய உணவும் சீருடையும் காமராசர் ஆட்சிக் காலத்திலேயே பேசப்பட்டவை. பிள்ளைகளிடையே ஏழை, செல்வர் என்ற வேறுபாடு தெரியக் கூடாது என்பதே சீருடையின் நோக்கம். ஆனால் சட்டை ஒன்றானபின் கையில் சாதிக் கயிறு ஏறியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதிக் கயிறுகளைத் தடை செய்யவும் மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது. யார் எங்கே அமர்வது என்னும் பழைய கேள்வி இன்னும் தீரவில்லை.

நைனார்பாளையம் போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தொப்பிக்காகவோ தலைமுக்காட்டுக்காகவோ நம் பிள்ளை கேலிக்கு ஆளானால் நாம் பொங்கி எழுகிறோம், அது நியாயமே. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்த பழங்குடிப் பிள்ளையின் பேச்சைக் கண்டு நம் பிள்ளை சிரித்தால்? வெளிநாட்டிலிருந்து அத்தா அனுப்பிய காலணியைக் காட்டி, கூலித் தொழிலாளியின் மகனைச் சிறுமைப்படுத்தினால்? அதையும் அதே சினத்தோடு கேட்கிறோமா?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழித்துப் பேசிவிட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் அன்புத் தோழர் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் இன்னும் இருப்பதாகக் கண்டித்தார்கள். நம் பொறுப்பில் இருப்போருக்கு நாம் உண்பதையே உண்ணவும், உடுப்பதையே உடுக்கவும் கொடுக்க வேண்டும் என அறிவுறுத்தினார்கள். பிற்காலத்தில் ரபதா என்னும் இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்ட ஒருவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே வகை ஆடை அணிந்திருந்ததைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார். அதற்கு விடையாகவே இந்நிகழ்ச்சியை அவர்கள் எடுத்துரைத்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "உன்னை யாரும் ஏதும் சொன்னார்களா?" என்று கேட்கிறோம். "நீ யாரையாவது ஏதும் சொன்னாயா?" என்றும் கேட்போம். நம் பிள்ளை முதல் வரிசையில் இருக்கும் நாளிலும் நீதியின் பக்கம் நிற்கும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!