எலியின் இதயமும் சமையல் எண்ணெயும்

தாளிக்கும்போது எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்காத வீடு நம்மிடையே இல்லை. அந்தக் கடுகுக்கு ஓர் உறவுச் செடி உண்டு. ரேப்சீட் என்பது அதன் பெயர். அதன் எண்ணெயைச் சோதிக்கப்போய் ஒரு நாட்டின் பயிரே மாறிய வரலாற்றை இன்று காண்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டில் இச்செடியை ஏராளமாகப் பயிரிட்டார்கள். சமையலுக்காக அன்று, கப்பல்களின் நீராவி இயந்திரங்களுக்குப் பூசுவதற்காக! வெந்நீர் பட்ட இரும்பிலும் இந்த எண்ணெய் விடாமல் ஒட்டிக்கொள்ளும். போர் முடிந்ததும் வாங்குவார் குறைந்தனர். 1950-களில் எண்ணெய் சமையலறைக்கு வந்தது.

எந்த எண்ணெயும் பலவகைக் கொழுப்பு அமிலங்களால் ஆனது. இதில் எருசிக் அமிலம் என்ற ஒன்று நூற்றுக்கு 40 பங்கு வரை இருந்தது. இளம் எலிகளுக்கு இந்த எண்ணெயைத் தீனியில் மிகுதியாகக் கலந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்திற்குள் எலியின் இதயத் தசையில் கொழுப்புத் துளிகள் நிறைந்துவிட்டன. இதயம் கொழுப்பை எரித்துத்தான் பெரும்பாலும் வலிமை பெறுகிறது. நீண்ட சங்கிலி போன்ற எருசிக் அமிலத்தை எலியின் இதயத்தால் விரைவாக எரிக்க இயலவில்லை. நாள் செல்லச் செல்ல அக்கொழுப்பு குறைந்தது. ஆனால் மாதக்கணக்கில் தின்ற எலிகளின் தசையில் தழும்புகள் காணப்பட்டன.

1970-ஆம் ஆண்டு வாக்கில் இச்செய்தி பரவியதும் கனடா விவசாயிகள் கலங்கினர். கலங்கமாட்டார்களா? விளைச்சலை நம்பித்தானே அவர்கள் குடும்பம்!

நல்ல வேளையாக, மாற்று விதை முன்பே உருவாகியிருந்தது. ஸ்டெபான்சன், டௌனி என்னும் இரு அறிஞர்கள் எருசிக் அமிலம் குறைந்த செடியைத் தேடி வந்தார்கள். லிஹோ என்ற ஜெர்மானிய வகையில் அது கிடைத்தது. அவர்கள் தேடிய முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். விதையோ கடுகளவு. டௌனி குழுவினர் அதைப் பிளந்து, ஒரு பாதியின் எண்ணெயைக் கருவியில் சோதித்தனர். முளை உள்ள மறுபாதியை நட்டு வளர்த்தனர். எத்தனை பொறுமை வேண்டும், பாருங்கள்! 1968-இல் ஓரோ என்ற புதிய வகையும், 1974-இல் டவர் என்ற வகையும் வெளிவந்தன. டவரின் புண்ணாக்கு கால்நடைகளுக்கும் ஏற்றதாயிற்று. 1978-இல் இத்தகைய வகைகளுக்குக் கனோலா என்று பெயர் சூட்டினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். புதிய எண்ணெயைத் தின்ற ஆண் எலிகளுக்கும் இதயத்தில் சிறு புண்கள் தோன்றின. சோயா எண்ணெய் கொடுத்தாலும் அப்படியே! பன்றிகளிடமும் குரங்குகளிடமும் புதிய எண்ணெயைச் சோதித்தபோது அந்தக் கேடு காணப்படவில்லை. குறை எண்ணெயில் மட்டுமில்லை, எலியின் இயல்பிலும் இருந்தது. அதற்காக எலிச் சோதனை வீண் என்று நாம் சொல்லமாட்டோம். எருசிக் அமிலத்தின்மேல் கண் வைக்கச் செய்தது அதுதானே!

1985-இல் அமெரிக்க அரசு புதிய எண்ணெயை உணவுக்கு அனுமதித்தது. எருசிக் அமிலம் நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. கைக்குழந்தைகளுக்கான பால்மாவில் மட்டும் அன்று அதைச் சேர்க்க விடவில்லை.