எந்தக் காலைக் கேக்கறீங்க?

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 'டேங்க்' என்றால் குளம், 'சேனல்' என்றால் கால்வாய். பரீட்சையில் அப்படி எழுதினால் முழு மார்க்!

அதே தைரியத்தோடு பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய், வயதான விவசாயி யாரிடமாவது 'உங்க ஊர்ல கால்வாய் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். 'எந்தக் காலைக் கேக்கறீங்க?' என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்.

கால் என்றால் அவருக்கு ஒன்றல்ல. ஆற்றிலிருந்தோ மலையடிவாரத்திலிருந்தோ தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக்கால். ஏரியின் மதகிலிருந்து வயலுக்குக் கொண்டுபோவது பாசனக்கால். ஏரி நிரம்பி, 'கோடி போவுது' என்கிறார்களே, அந்த உபரித் தண்ணீர் போகிற வழி கோடிக்கால். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேல் ஏரியின் கோடிக்கால்தான் கீழ் ஏரியின் வரத்துக்கால். பள்ளம் ஒன்றுதான், மேலூர்க்காரருக்கு ஒரு பெயர், கீழூர்க்காரருக்கு இன்னொரு பெயர். மழைக்காலத்தில் மட்டும் காட்டிலிருந்து இறங்கி ஓடிவருவது கால் கிடையாது. அது கானாறு. மனிதன் வெட்டியது கால், தானாக வந்தது கானாறு. கணக்கு அவ்வளவு சுத்தம்!

இவை எல்லாவற்றையும்விட அருமையானது ஊற்றுக்கால். சில ஊர்களில் கசக்கால் என்பார்கள். பாலாற்றில் வருஷத்தில் பாதி நாள் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணலில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அடியில் கசிகிற நீர் அதில் வந்து சேரும். ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் அந்தக் காலைக் கொண்டுபோனால், கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்து வயலில் பாயும். அணை கிடையாது, மோட்டார் கிடையாது. வருஷா வருஷம் ஊரே கூடி மணலை வாரிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பெயர்களிலெல்லாம் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்கிற திசை இருப்பதைக் கவனித்தீர்களா? 'கால்வாய்' என்று பொதுவாகச் சொல்லும்போது அந்தத் திசை காணாமல் போய்விடுகிறது.

இந்தப் பக்கத்தில் நீருக்கு வேலை செய்வது நேற்று ஆரம்பித்த சமாசாரமில்லை. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அது 'மகேந்திர தடாக'த்தின் கரையில் இருப்பதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவே வருகிறது.

'சரி, வெள்ளைக்காரன் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டான், அதானே?' என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப் பழிபோடுவது சுலபம். ஆனால், நியாயமில்லை. அவர்களுடைய இன்ஜினீயர்கள் 'சப்ளை சேனல்', 'சர்ப்ளஸ் சேனல்', 'ஸ்பிரிங் சேனல்' என்று பிரித்துத்தான் எழுதினார்கள். தங்கள் மொழியில் சொல் கிடைக்காதபோது நம்முடையதை எடுத்துக்கொள்ளவும் கூச்சப்படவில்லை. அணைக்கட்டு அப்படித்தான் 'அனிகட்' ஆனது. 'டேம்' தண்ணீரைத் தேக்கி வைக்கும். அனிகட் மட்டத்தை உயர்த்திப் பக்கத்துக் காலுக்குத் திருப்பிவிடும். வாலாஜாபேட்டை அருகே 1858-ல் முடிந்த பாலாறு அணைக்கட்டு இந்த ரகம். மகேந்திரவாடிக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் இன்றும் அதிலிருந்துதான் கால்கள் பிரிகின்றன. வேலூர் பக்கத்தில் அணைக்கட்டு என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

சொல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்றால், 1892-ம் வருஷத்து மதராஸ் - மைசூர் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதன் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் முதல் வேலையே சொற்களுக்குப் பொருள் சொல்வதுதான். ஓர் ஓடையின் குறுக்கே அணைக்கட்டு கட்டி, அங்கிருந்து ஒரு புது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோனால், அந்த ஏரியே ஓடையின் குறுக்கே கட்டப்பட்டதாகத்தான் கருதப்படும் என்று எழுதி வைத்தார்கள். 'ஏரி எங்கேயோ தள்ளி இருக்கே சார்' என்று யாரும் நழுவ முடியாது!

இந்த ஜாக்கிரதை பிற்பாடு என்ன ஆனது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் ஷாப்புகள் பெருகின. ஒருகாலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுமையாக முடித்த தோலுக்கு மாற வேண்டியதாயிற்று. குரோமியம் பெரிய அளவில் உள்ளே வந்தது. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று பின்னால் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்தது. செலவான தண்ணீர் எங்காவது போக வேண்டுமே? வயல், சாலையோரம், திறந்தவெளி, நீர் போகும் வழி, கடைசியில் பாலாறு.

அந்த 'நீர் போகும் வழி'யில்தான் நம்முடைய பழைய பெயர்கள் வந்து நிற்கின்றன. கழிவு கோடிக்காலில் விழுந்தால், அடுத்த ஊர் ஏரிக்குள் போய் உட்காரும். வரத்துக்காலில் விழுந்தால், உள்ளூர் ஏரி, மதகு, பாசனக்கால், வயல், கிணறு என்று வரிசையாகப் பயணம். உப்பு தண்ணீரோடு ஆவியாகிப் போகாது, மண்ணிலேயே தங்கும். காகிதத்தில் 'கால்வாய்' என்று மட்டும் எழுதியிருந்தால், இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். 'கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நிலம் மட்டும் பாடம் கேட்டுத் திருந்தவில்லை. 2025 ஜனவரி 30-ம் தேதி அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சீர்படுத்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்றது. நடுவில் ஓடியது 28 வருஷம்.

எல்லாப் பழியையும் தோலின் மீதே போடவும் எனக்கு மனசு வரவில்லை. ஊற்றுக்காலைக் கொன்றதில் பெரிய பங்கு மணல் அள்ளியவர்களுக்கு. மணலை எடுக்க எடுக்க ஆற்றின் படுகை தாழ்ந்தது, நீர்மட்டமும் கூடவே இறங்கியது. காலின் வாய் உயரத்தில் வறண்டு நின்றுவிட்டது. அடியில் சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அதற்குள் ஏறாது.

நகரத்துக்குள் வந்தால் கதை வேறு மாதிரி. வேலூரில் நிக்கல்சன் கால்வாய் என்று ஒன்று உண்டு. மழைத் தண்ணீரைப் பாலாற்றில் சேர்க்க வேண்டியது, இப்போது ஊர்க் கழிவைத்தான் சுமந்துகொண்டு போகிறது. நகராட்சி அறிவிப்பில் 'கால்வாய் தூர்வாரும் பணி' என்று படித்தால் உங்கள் மனதில் வருவது எது? சத்தியமாக வரத்துக்கால் இல்லை. சாக்கடை!

அடுத்த முறை பெங்களூர் பஸ்ஸில் ஆம்பூரைத் தாண்டும்போது, சாலைக்குக் கீழே சின்னச் சின்னப் பாலங்கள் வரும். பக்கத்து சீட்டில் உள்ளூர்ப் பெரியவர் யாராவது இருந்தால், கீழே போவது என்னவென்று கேளுங்கள். 'கால்வாய்' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். 'எந்தக் காலுங்க?' என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள்.