மிஃபா என்ற பெயர் எங்கே போனது?



வரலாற்றுத் தாளில் ‘காரணம், விளைவு’ என்று கேட்டால் உடனே மலாயன் யூனியனைத்தான் தேடுறோம். இந்த முறை ஒரு காற்பந்துக் குழுவை எடுத்துப் பாருங்க. அது இப்போது இல்லை.

2016இல் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்ற குழு, நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. பெயரைப் பிரித்துப் படிங்க: மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றம், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம். ஜொகூர், பகாங் என்று மாநிலங்களும், காவல்துறை, ஆயுதப்படை என்று துறைகளும் நிறைந்த களத்தில் ஒரு சமூகத்தின் பெயர்! ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் தேசியக் குழுவின் கோல் காத்தார், 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா ஆசியான் கிண்ணத்தை வென்றது. தனி ஆள்களாக நம்மவர்கள் எப்போதும் இருந்தாங்க. தொழில்முறை லீக்கில் நம் பெயரிலேயே ஒரு குழு என்பது வேற கதை.

2017இல் அது இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் இருந்தது. 2019இல் சூப்பர் லீக். மூன்றே ஆண்டில் இரண்டு படி! ஆனால் மேலே போய் நின்றபோது பெயர் ‘பெட்டாலிங் ஜெயா சிட்டி’. சமூகப் பெயரைவிட நகரப் பெயருக்குக் கூட்டமும் விளம்பரமும் சேரும் என்று நினைச்சிருக்கலாம். இது என் ஊகம்தான். அதைத் தப்பென்றும் சொல்ல முடியலை.

இனி மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். சூப்பர் லீக்கில் ஆடிய நான்கு பருவங்களிலும் இக்குழு ஒருமுறைகூடக் கீழிறங்கவில்லை. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமலே தாக்குப்பிடித்தது. அந்தப் பருவம் முடிந்ததும் உரிமையாளரே விலகிக்கொள்ள, கதை முடிந்தது. அதே சமயத்தில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. பிரீமியர் லீக்கும் நிறுத்தப்பட்டது. 2023இல் 14 குழுக்களோடு ஒரே லீக். ஆக, புள்ளிப் பட்டியலை மட்டும் படித்தால் இந்த முடிவின் காரணம் பிடிபடாது.

லெம்பா பெர்த்தாமில் பந்து உருளாத சமதரையைத் தேடுவதே ஒரு வேலை. தேயிலைச் சரிவுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே பந்து உதைக்கும் பையனுக்கு, சூப்பர் லீக் வரை ஏறக்கூடிய ஏணிகளில் ஒன்று குறைஞ்சிருக்கு.

வகுப்பில் இப்படிக் கேளுங்க: ‘2016இலிருந்து 2022 வரை இக்குழுவின் பெயரும் நிலையும் எப்படி மாறின? கீழிறங்காத குழு ஏன் மறைந்தது?’ மாணவர்கள் ஆண்டுகளை வரிசைப்படுத்தி, காரணங்களில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து எழுதட்டும். மேலே நான் ஊகம் என்று சொன்னதையும் சேர்த்துத்தான்.